துண்டு போட்டவை

உரக்கடையில் கடன் ஏறிவிட்டதால்
மீரா ராவியத் ஒரு பாத்திக்கு மட்டும்
மருந்து அடிக்கவில்லை.
வாலிநோக்கம் உப்பளத்தைப் பார்த்த கடைசிப் பாத்தி.

தை மாதம். விடியவிடியப் பனி.
முண்டு மிளகாய் பழுக்கிற நேரம் பார்த்து
மற்ற பாத்திகளில்
பழத்துக்குப் பழம் வட்டக் கருப்பு,
சிகரெட்டால் சுட்டதுபோல.
கடைசிப் பாத்தியில் "குறைவு" என்று நோட்டில் எழுதினேன்.
"குறைவுன்னா எம்புட்டு?" என்றார்.
உட்கார்ந்து எண்ணினேன்.
அங்கே நூற்றுக்கு முப்பத்தேழு.
இங்கே பதினொன்று.

ஓர் இலை பறித்து
கண்ணாடித் தட்டின் மூடியில்
வாசலின் தொட்டு ஒட்டி
முகம் கீழே பார்க்கக் கவிழ்த்து வைத்தேன்.
சாயல்குடியில், அதே உரக்கடைக்கு மேல்மாடியில்தான்
என் வாடகை அறை.
கரண்ட் இரண்டு முறை போய்வந்தது.
நான்காம் நாள்
தட்டின் அடிக்கூழில்
இளஞ்சிவப்பாய் ஒரு மிளகாய் இலை.
காம்பு, கூர்நுனி,
புழு கடித்த ஓட்டைகூட அதே இடத்தில்.
மேலே குடியிருந்த ஈஸ்டுகள்
ஒவ்வொன்றாய்க் குதித்து விழுந்து
வீட்டின் படத்தை வரைந்துவிட்டன.

மருந்தடித்த இலைகளின் தட்டுகள்
கழுவிக் கவிழ்த்த சோற்றுத்தட்டு.

"இதுக நோயைக் கொல்லுமா?"
கொல்லாது.
இலையில் கசிகிற துளி இனிப்பை
முன்னாலேயே தின்றுவிடும்.
பனியோடு இறங்கும் பூஞ்சை வித்து
காலூன்ற இடம் தேடும்;
எங்கும் ஆள் இருக்கும்.
வெயில் ஏறினால் நின்றபடியே காயும்.
ராவியத் கொஞ்சம் யோசித்தார்.
"ராம்நாடு பஸ்ல
சன்னல் வழியாத் துண்டு போடுற வேலைதானே?
அத இவ்வளவு நேரமாச் சொல்றீங்க."

கருப்பட்டித் தண்ணீரில் பெருக்கினோம்.
நீல டிரம்,
மீன்தொட்டிக்கு வாங்கும் காற்று மோட்டார்,
வாய்க்கட்டாய்ப் பழைய வெள்ளை வேட்டி.
ஐந்தாம் நாள் மதுவிலக்குப் போலீஸ் வந்தது.
யாரோ சொல்லியிருக்கிறார்கள்.
ஏட்டு பூவலிங்கம் வேட்டியை விலக்கி
மூக்கை உள்ளே விட்டார்.
கள் இல்லை. காயாத துணியின் வாடை.
"கள்ளுக்குச் சொந்தம்தான் சார்,
ஆனா இந்தப் பங்காளிக்குப் போதை ஏத்தத் தெரியாது."
அவர் சிரிக்கவில்லை.
போகும்போது தண்ணீர் பாட்டிலை நீட்டினார்:
"எங்க செய்யிலயும் அழுகல் இருக்கு."

தெளிக்கிற அன்று
ராவியத் டேங்கை ஆறு முறை கழுவினார்,
முகர்ந்து பார்த்தார்,
ஏழாவது முறையும் கழுவினார்.
பழைய மருந்து ஒரு சொட்டு மிஞ்சினாலும்
டிரம்மோடு செத்துப்போகும் என்று
ஒரே ஒருமுறைதான் சொல்லியிருந்தேன்.
பொழுது சாய்ந்தபின் அடித்தோம்.
வாடையில் பாதி என் சட்டையில்.

பங்குனிப் பறிப்பில் எண்ணியபோது
பத்தொன்பது.
பனி நின்றுபோனதாலும் இருக்கலாம் என்று
அதையும் எழுதினேன்.
கீழே கடைக்காரர் கேட்டார்,
"பத்தொம்போதுக்கா இவ்வளவு பாடு?"
பில் புத்தகத்தை மூடாமலே.

ஒன்றும் அடிக்காமல்
ஒப்பிட்டுப் பார்க்க விட்டது நாலாம் பாத்தி.
அதிலிருந்து கடைசியாய் ஓர் இலை வைத்தோம்.
மாடிப்படி ஏறிவந்து
ராவியத் தட்டை வெளிச்சத்தில் பிடித்தார்.
ஒரு பக்க ஓரம் மட்டும் இளஞ்சிவப்பு,
நடு நரம்புவரை வந்து நின்றிருந்தது.

"பாதிதான் இருக்கு."
"ஆமா."
"நாம இதுக்கு அடிக்கலையே."
"இல்ல."
"அப்பக் காத்துல வந்ததுகளா?"

நான் பதில் சொல்வதற்குள்
மூடியை மெல்ல இறக்கினார்,
ஆள் தூங்குகிற அறையின்
கதவைச் சாத்துவதுபோல.